தீரர் சத்தியமூர்த்தி

நார்த்தாமலையினின்று தெற்கு நோக்கிப் புறப்படுவோர் புதுக்கோட்டை நகரைக் கடந்து மேலும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் செல்வாராயின் திருமயத்தை அடைவர். குன்றின்மேல் கோட்டையும், குன்றின் அடியிலே பாறையைக் குடைந்து சமைத்த இரண்டு ஆலயங்களும் அவ்வூருக்கு அடையாளம். ஒன்றில் சத்தியகிரீசுவரர் எழுந்தருளியிருக்கின்றார். மற்றொன்றில் எழுந்தருளியிருக்கும் பெருமாளுக்குச் சத்தியமூர்த்தி என்பது திருநாமம். அந்தத் திருநாமத்தையே தாங்கிய குழந்தை ஒன்று 1887 ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 19 ஆந் தேதி அவ்வூரில் பிறந்தது. பிற்காலத்தில் தமிழ்நாடெங்கும் தீரர் சத்தியமூர்த்தி என்று போற்றப்பட்டவர் அவரே.

நமது சங்கத்துப் பத்திரிகையிலே வேறு சமூகத்தில் பிறந்த ஒருவருடைய சரித்திரம் எதற்கு என்று வினவுவாரும் இருக்கக்கூடும். திருமயமும் நார்த்தாமலையும் ஒரே தொண்டைமான் சீமையில் அடங்கியிருந்தவை. திருமயம் ஒரு தாலுகா, நமது ஊர் குளத்தூர்த் தாலுகா, அவ்வளவே வேற்றுமை. ஒரே சீமையின் மண்ணில் நடந்தவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. அன்றியும், அவருடைய அபிப்பிராயங்கள் யாவும் நமக்கு உடன்பாடானவை அல்ல. உடன்பாடில்லாத இடத்தை மறைக்காமல் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்று.

தந்தையார் சுந்தர சாஸ்திரியார் வக்கீல் தொழில் புரிந்தவர். வடமொழியில் புலமை உடையவர். சத்தியமூர்த்தி சிறு பிராயத்திலேயே தந்தையை இழந்தார். பெரிய குடும்பம், வருவாயோ சுருங்கிவிட்டது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பயின்று, பின்னர்ச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிற் சேர்ந்து பட்டம் பெற்றார்; அதன்பின் சட்டக்கல்லூரியில் தேறினார். பேர்பெற்ற வக்கீலான எஸ். சீனிவாச ஐயங்காரிடம் தொழில் பழகினார். வழக்குமன்றத்தில் நாவன்மையால் பெரும்பொருள் ஈட்டியிருக்கக்கூடியவர் அவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாவை அவர் வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அந்த நாவன்மை எவ்விதம் வளர்ந்ததென்று ஆராயின், நாடக மேடைக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்று தோன்றுகின்றது. பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபையில் அவர் அங்கத்தினராயிருந்தார். மனோகரன் வேடந் தாங்கியும் நடித்தார். படித்தவர்கள் கூத்தாட்டத்தை இழிவாக எண்ணிய காலம் அது. அவரோ நடிகர்களைத் தோழர்களாகக் கொண்டார். பிற்காலத்தில் கே. பி. சுந்தராம்பாளைத் தேர்தற் கூட்டங்களிற் பாடச்செய்து, பிரசங்கத்துக்குக் காது கொடாத கிராமத்து ஜனங்களையும் காங்கிரசின் பால் இழுத்தவர் அவரே. இசைக்கலையை வளர்க்கச் சென்னையில் 1928 இல் சங்கீத வித்வத் சபை தோன்றியபோது அதற்குத் துணை நின்றவர்களிலும் அவர் ஒருவர்.

1919 ஆம் வருஷத்தில், மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களைப் பற்றி விசாரித்த பார்லிமெண்டு கூட்டுக் கமிட்டியின் முன்பு இந்தியாவின் கட்சியை எடுத்துரைப்பதற்காகக் காங்கிரஸ் மகாசபையார் இங்கிலாந்துக்கு ஒரு தூதுகுழு அனுப்பினர். சத்தியமூர்த்தி அக்குழுவினருள் ஒருவராகச் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது 32. லண்டனில் இருந்த காலத்தில் ஹிந்து பத்திரிகைக்குச் செய்தியும் எழுதிவந்தார். பார்லிமெண்டு நடைபெறும் முறையை நேரே கண்டது அவர் வாழ்க்கையின் போக்கையே நிர்ணயித்துவிட்டது எனலாம். மந்திரிகளை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கும் அந்த வழக்கத்தின் வலிமையை அவர் அங்கே நன்கு உணர்ந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் கையில் இருந்த ஆயுதம் அது ஒன்றே.

இந்தியா திரும்பியதும் அவர் ஒரு தர்மசங்கடத்திற்கு உள்ளானார். மகாத்மா காந்தி 1920 இல் ஒத்துழையாமையைத் தொடங்கி, சட்டசபைகளையும் பகிஷ்கரிக்கும்படி கட்டளையிட்டார். சத்தியமூர்த்தி மகாத்மாவிடம் பக்தி உடையவர். ஆனால் சட்டசபையைப் பகைவனுக்கு விட்டுக்கொடுத்து வெளியில் நிற்பது விவேகமன்று என்பது அவர் கருத்து. கோட்டைக்குள் புகுந்து கதவைத் திறக்கவேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவர் அவர். நாடெங்கும் காந்தி அலை எழுந்த நேரத்தில் அவ்வாறு சொல்வதற்குத் தைரியம் வேண்டும். தேசபந்து சித்தரஞ்சன் தாசும் பண்டித மோதிலால் நேருவும் 1923 ஆம் வருஷத் தொடக்கத்தில் சுயராஜ்யக் கட்சியைத் தோற்றுவித்தபோது, சென்னை ராஜதானியில் அதற்குத் தூணாக நின்றவர்களில் சத்தியமூர்த்தியும் ஒருவர். அவ்வருஷமே சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1930 வரையில் அங்கே இருந்தார்.

1926 ஆம் வருஷத் தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சி தோல்வியுற்றது. சுயராஜ்யக் கட்சியினரே சபையில் பெரிய கட்சியினராக வந்தனர். ஆனால் இரட்டையாட்சியில் மந்திரி பதவி ஏற்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. ஆகவே டாக்டர் சுப்பராயன் சுயேச்சையாளரைக் கொண்டு மந்திரிசபை அமைத்தார். சத்தியமூர்த்தி எதிர்வரிசையில் இருந்துகொண்டு, வரவு செலவுத் திட்டத்தின் ஒவ்வொரு தலைப்பிலும் உத்தியோகஸ்தர்களைக் கேள்வியால் துளைத்தார்.

இக்காலத்திலேதான், அவருடைய நண்பர்களும் இன்றுவரை சங்கடத்துடன் நினைக்கும் ஒரு விஷயம் நிகழ்ந்தது. புதுக்கோட்டையில் 1886 இல் பிறந்து, அதே மகாராஜா கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்து, பல எதிர்ப்புகளுக்கிடையே படித்து, சென்னையில் 1912 இல் வைத்தியப் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி. அவ்வம்மையார் சட்டசபையில் நியமனம் பெற்று உபதலைவராகவும் அமர்ந்தார். கோயில்களில் சிறுமியருக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கவேண்டுமென்று 1927 முதல் அவர் வாதாடினார். தேவதாசிகளுக்கு விட்டிருந்த மானிய நிலங்களைக் கோயிற் பணியினின்று விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் 1929 இல் வந்தது. அடுத்தபடியாகப் பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதாவும் எழுந்தது. இம்முயற்சியை எதிர்த்து வாதித்தவர்களில் முன்னின்றவர் சத்தியமூர்த்தி. சங்கீதமும் பரதமும் இவ்வகுப்பாரிடத்தில் தங்கி வாழ்கின்றன, இவர்களை அகற்றினால் கலையும் அழியும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஒரே சீமையில் ஓராண்டு இடைவெளியில் பிறந்து, ஒரே கல்லூரியிற் பயின்ற இருவர் சென்னைச் சட்டசபையில் எதிரெதிராக நின்ற இக்காட்சி நம் சீமையாருக்குப் பெருமையையும் வருத்தத்தையும் ஒருங்கே தருவது. அம்மையாரின் தாயார் அந்த வகுப்பிற் பிறந்தவர். அவ்வழக்கத்தின் துயரம் அம்மையாருக்குச் சொந்த வீட்டுச் சமாசாரம். சத்தியமூர்த்திக்கோ அது மேடையில் கண்ட அழகு. கலையைக் காப்பதற்குச் சிறுபெண்களைப் பலியிட வேண்டுமோ என்ற கேள்விக்கு அவர் தக்க விடை கூறவில்லை என்றே நாம் கருதுகின்றோம். அச்சட்டம் 1947 இல் நிறைவேறியது. பரதக்கலையும் அழியவில்லை.

1930 இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் சட்டசபை வாதியான அவரும் சட்டமறுப்பில் இறங்கினார். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி சுவாமி கோயிலில் காங்கிரஸ் கொடியை ஏற்ற முயன்றபோது கைதானார். பின்னும் சிறை சென்றார். சட்டசபை வழியில் நம்பிக்கை உள்ளவர்கள் தியாகத்துக்கு அஞ்சுபவர்கள் என்று ஏசியவர்களுக்கு அவர் இவ்விதமாக விடையிறுத்தார்.

சட்டமறுப்பு இயக்கம் தளர்ந்த காலத்தில், மீண்டும் சட்டசபைப் பிரவேசத்தை வற்புறுத்தியவர்களில் டாக்டர் அன்சாரி, பூலாபாய் தேசாய் முதலியோருடன் சத்தியமூர்த்தியும் சேர்ந்திருந்தார். காங்கிரஸ் மகாசபை 1934 இல் அதற்கு இணங்கிற்று. அவ்வருஷ இறுதியில் நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் அவர் நின்றார். எதிரே நின்றவர் ஜஸ்டிஸ் கட்சியின் அறிவுச் சுடரான சர் ஏ. ராமசாமி முதலியார். பணமும் பதவியும் பட்டமும் ஒருபுறம். சிறை சென்று வந்த வக்கீல் மறுபுறம். சத்தியமூர்த்தி வென்றார்.

டில்லியில் காங்கிரஸ் கட்சிக்குப் பூலாபாய் தேசாய் தலைவர், சத்தியமூர்த்தி உபதலைவர். அச்சபையின் இயல்பைச் சிறிது விளக்குவது நலம். ஏறத்தாழ 145 பேர் அடங்கிய சபையில் சுமார் 40 பேர் சர்க்காரால் நியமிக்கப்பெற்றவர்கள். தேர்ந்தெடுக்கப்பெற்றவர்கள் ஒன்றுகூடி ஒரு மசோதாவைத் தோற்கடித்தாலும், வரவு செலவுத் திட்டத்தை நிராகரித்தாலும், வைஸிராய் தம் கையொப்பத்தினால் அதைச் சட்டமாக்கிவிடுவார். அங்கே வெற்றி பெற்றவர்களுக்கு மந்திரி பதவி கிடையாது. தோல்வியுற்ற சர்க்காருக்கு ராஜினாமாவும் கிடையாது. பிரான்சு தேசத்து அரிஸ்டீட் பிரியான் என்பவரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அவர் 1902 இல் பிரதிநிதிகள் சபையிற் புகுந்து, 1932 இல் இறப்பதற்குள் பதினொரு முறை பிரதம மந்திரியாயினார். சுதந்தர நாட்டில் நாவன்மையும் சபை அனுபவமும் ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் அது. அடிமை நாட்டில் அதே திறமைகளை உடையவருக்குக் கேள்வி நேரம் ஒன்றே கதி.

அந்தக் கேள்வி நேரத்தை அவர் பயன்படுத்தியதைப் போல் வேறெவரும் பயன்படுத்தவில்லை என்பது அக்காலத்தைக் கண்டவர்களின் ஒருமித்த அபிப்பிராயம். ஒரு கேள்விக்கு உத்தியோகஸ்தர் எழுதிக் கொணர்ந்த விடையைப் படித்து முடிப்பதற்குள் துணைக்கேள்வி கிளம்பும். அதற்கு விடை தேடுவதற்குள் இன்னொன்று. ராணுவச் செலவு, ரயில்வே நிர்வாகம், கடல் கடந்த நாடுகளில் வாழும் இந்தியரின் அவதி என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அறிக்கைகளையும் கணக்குகளையும் வரி வரியாகப் படித்துக்கொண்டு சபைக்கு வருவது அவர் வழக்கம். தொண்டையின் வலிமையால் மட்டும் பேர் பெற்றவர் என்று அவரை எண்ணுவது தவறு. இரவு விழித்துப் படித்த படிப்பே பகலில் முழக்கமாக வெளிவந்தது.

1936 இல் அவர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராயிருந்தபோது விருதுநகர்க் காமராஜரைக் காரியதரிசியாக வைத்துக்கொண்டார். ஒருவர் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் தேர்ந்த பிராமணர். மற்றவர் பள்ளிப்படிப்பை இடையில் விட்ட, எளிய நாடார் குடும்பத்துப் பிள்ளை. சாதியும் படிப்பும் அவர்களுக்கிடையே குறுக்கே நிற்கவில்லை. கூட்டத்தை மயக்கும் பேச்சு ஒருவரிடம். ஊர் ஊராகத் தொண்டர்களைப் பெயர் சொல்லி அறிந்த அமைப்புத் திறன் மற்றவரிடம். தம்மிடம் இல்லாத ஒன்று அந்த இளைஞரிடம் இருப்பதைக் கண்டு, அதற்கு இடங்கொடுத்த பெருந்தன்மை சத்தியமூர்த்தியினுடையது. 1940 இல் கமிட்டித் தலைமைக்குக் காமராஜர் நின்று, ராஜாஜி கட்சியினர் நிறுத்திய சி. பி. சுப்பையாவை மூன்றே வாக்குகளால் வென்றபோது, அவருக்குப் பின்னால் நின்றவரும் சத்தியமூர்த்தியே.

இனி, அவர் வாழ்க்கையில் நெஞ்சை உறுத்தும் பகுதிக்கு வருவோம். 1935 ஆம் வருஷத்து இந்தியச் சட்டத்தின்படி மாகாணங்களில் பொறுப்பாட்சி வந்தது. காங்கிரசார் மந்திரி பதவியை ஏற்கலாமா என்பதில் பெரும் விவாதம் எழுந்தது. ஜவாஹர்லால் நேரு போன்றோர் கூடாது என்றனர். ஏற்கத்தான் வேண்டும் என்று வாதாடியவர்களில் சத்தியமூர்த்தி முதன்மையானவர். 1937 ஆம் வருஷத் தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் காங்கிரஸ் 159 ஐக் கைப்பற்றியது. அவ்வெற்றிக்காகத் தமிழ்நாடு முழுவதும் சுற்றிப் பேசிப் பேசித் தம் தேகத்தை நலிவித்துக்கொண்டவர் அவர். தமக்கென்று எண்ணியிருந்த சர்வகலாசாலைத் தொகுதியையும், அரசியலினின்று சற்று ஒதுங்கியிருந்து திரும்பிய ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். அவ்வருஷம் ஜூலை மாதம் ராஜாஜி சென்னையின் பிரதம மந்திரியானார். மந்திரிகளின் பட்டியல் வெளிவந்தது. சத்தியமூர்த்தியின் பெயர் அதில் இல்லை.

பதவி ஏற்கவேண்டுமென்று வாதாடி வென்றவருக்குப் பதவி இல்லை! இதற்குப் பல காரணங்கள் கூறுவாருண்டு. இரு தலைவர்களுக்குமிடையே நெடுநாளாக இருந்த மனவேற்றுமை யாவரும் அறிந்தது. காரணம் எதுவாயினும், அதன்பின் அவர் நடந்துகொண்ட முறையே கவனிக்கத்தக்கது. கட்சியை விட்டு வெளியேறவில்லை, தனிக்கட்சி காணவில்லை. டில்லிக்குத் திரும்பித் தம் பழைய ஆசனத்தில் அமர்ந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். மனம் நோகவில்லை என்று சொல்லமுடியாது. நொந்த மனத்தோடும் வேலை செய்தார்.

அவர் நேராக நிர்வாகப் பொறுப்பு ஏற்றது ஒரே ஒரு முறைதான். 1939 இல் சென்னை நகரசபையின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஓராண்டுப் பதவி. அந்த ஓராண்டில் அவர் செய்துவைத்ததைச் சென்னைவாசிகள் இன்றும் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நகரம் பெருகிவிட்டது, சோழவரம், செங்குன்றம் ஏரிகளின் நீர் போதவில்லை. நகருக்கு மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் பூண்டி என்னுமிடத்தில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே அணை கட்டி, வெள்ளக் காலத்து நீரைத் தேக்கி, கால்வாய் வழியாகச் செங்குன்றத்துக்குக் கொணர்வது என்று திட்டம். அப்பொழுது ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்டது. காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமாச் செய்துவிட்டன. ஆட்சி கவர்னர் கையில் இருந்தது. யுத்தச் செலவைக் காட்டித் தள்ளிப்போடுவதற்கு எல்லா வசதியும் இருந்தது. சத்தியமூர்த்தி விடவில்லை. சர்க்காரோடு அரசியலில் மல்லுக்கட்டியவரே, தண்ணீர் விஷயத்தில் அதே சர்க்காரின் வாசற்படியேறி அனுமதி பெற்றார். 1940 ஆகஸ்டு மாதம் 8 ஆந் தேதி கவர்னர் சர் ஆர்தர் ஹோப் அஸ்திவாரக்கல் நாட்டினார். 1944 இல் வேலை முடிந்தது. சத்தியமூர்த்தி சாகரம் என்று அதற்குப் பெயரிட்டனர். பிற்காலத்தில் ஆந்திர தேசத்துக் கண்டலேற்றினின்று வரும் கிருஷ்ணா நதி நீரும் முதலில் இந்தப் பூண்டி ஏரியையே வந்து சேர்கின்றது.

இதில் நமக்கு ஒரு விசேஷமான எண்ணம் தோன்றுகின்றது. நம் சீமையில் ஜீவநதி இல்லை. மழை பெய்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் சோறு. கலிங்கு வழிவதைக் காண ஊரே கூடி நிற்கும் வழக்கம் நமது சிறுவர்களுக்கும் தெரியும். திருமயத்துப் பிள்ளை ஒருவர் நகரசபைத் தலைமையில் அமர்ந்ததும் முதலில் ஓர் ஏரிக்கு வழி தேடியது வியப்பன்று.

யுத்தத்தில் இந்தியாவின் சம்மதமின்றி இந்தியாவைச் சேர்த்ததைக் கண்டித்துக் காந்தியடிகள் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில் அவர் மீண்டும் சிறை சென்றார். ஏற்கெனவே உடல் தளர்ந்திருந்தது. 1942 ஆகஸ்டு மாதம் பம்பாயில் கூடிய காங்கிரஸ் கமிட்டி, வெள்ளையர் வெளியேற வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது. அக்கூட்டத்துக்குச் சென்று திரும்பிய சத்தியமூர்த்தி கைதாகி, மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். நெடுந்தூரப் பயணத்திற் பட்ட அடியினால் முதுகுத்தண்டு ஊறுபட்டது. அந்நிய ஊர், கடும் வெயில், நோய், தக்க சிகிச்சையின்மை. எழுந்து நின்றால் சபையே நிமிர்ந்து பார்க்கும் அவர் படுக்கையினின்று எழமுடியாதவரானார். நிலைமை முற்றிய பின்னரே சென்னைக்குக் கொணர்ந்தனர். 1943 ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 28 ஆந் தேதி, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். வயது 55. மனைவியாரையும், லக்ஷ்மி என்ற மகளையும் விட்டுச்சென்றார். சிறையிலிருந்து அம்மகளுக்கு எழுதிய கடிதங்கள் பின்னர்ப் புத்தகமாக வெளிவந்தன.

பூண்டியில் நீர் நிறைந்ததை அவர் பார்க்கவில்லை. சுதந்தரக் கொடியையும் பார்க்கவில்லை. 1947 ஆகஸ்டு 15 ஆந் தேதி காமராஜர் அவருடைய இல்லத்துக்குச் சென்று அங்கே கொடியேற்றினார். தமிழ்நாடு காங்கிரசின் தலைமை அலுவலகத்துக்கும் சத்தியமூர்த்தி பவன் என்றே பெயர் அமைந்தது.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். சத்தியமூர்த்தி சென்னையிலும் டில்லியிலும் பல்லாண்டுக் காலம் ஜனப் பிரதிநிதியாயிருந்தும், அவர் பிறந்த திருமயத்தாரோ, நார்த்தாமலையாராகிய நாமோ அவருக்கு ஒரு வாக்கும் அளிக்க வழியில்லாதிருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் புறம்பானது. இங்கே 1902 இல் ஒரு பிரதிநிதி சபையும், 1924 இல் ஒரு சட்டசபையும் ஏற்பட்டன என்றாலும், சென்னைச் சட்டசபையிலும் மத்திய சட்டசபையிலும் நமக்கு ஆசனம் கிடையாது. சோழர் காலத்தில் தெலுங்ககுலகாலபுரம் என்று பெயர் பெற்று, வணிகர் சபை கூடிக் காரியங்களைத் தீர்மானித்துக் கல்லில் வெட்டிவைத்த ஊர் நம்முடையது. அவ்வூரார் தம் சீமையிற் பிறந்த தலைவருக்கு வாக்களிக்கும் உரிமையின்றி, பத்திரிகையில் அவர் பேச்சைப் படித்து மகிழ்வதோடு நின்றனர். 1948 மார்ச்சு மாதம் 3 ஆந் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாயிற்று. 1952 ஆம் வருஷப் பொதுத் தேர்தலில் திருமயத்தாரும் நார்த்தாமலையாரும், ஆணும் பெண்ணும், வரி கட்டுவோரும் கட்டாதோரும், முதன்முறையாகச் சென்னைச் சட்டசபைக்கும் டில்லிப் பார்லிமெண்டுக்கும் வாக்களித்தனர். அவர் மறைந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.